டப்பாவின் மேல் ஏன் குழந்தைப் படம் இல்லை?

மதுரை டவுன் ஹால் ரோட்டில் நடந்து போகிறீர்கள். ஒரு மருந்துக் கடை. உள்ளே கண்ணாடி அலமாரி. அதில் வரிசை வரிசையாகப் பால் பவுடர் டப்பாக்கள்.

சற்று நின்று அந்த டப்பாக்களைப் பாருங்கள்.

சோப்பு உறையின் மேல் குழந்தை சிரிக்கிறது. பவுடர் டப்பாவின் மேல் குழந்தை தவழ்கிறது. எண்ணெய்ப் புட்டியின் மேல்கூடக் கொழுகொழு என்று ஒரு குழந்தை. ஆனால் குழந்தைக்கென்றே செய்த பால் டப்பாவின் மேல் மட்டும் குழந்தையைக் காணோம்! தாயாரின் படமும் இல்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. "தாய்ப்பாலே உங்கள் குழந்தைக்குச் சிறந்தது" என்று அந்த டப்பாவின் மேலேயே ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. தன் கடைச் சரக்கைவிட வேறு சரக்கு நல்லது என்று எந்த வியாபாரியாவது பலகை வைப்பாரா?

வைக்க மாட்டார். கம்பெனிக்காரர்கள் விரும்பி எழுதியது அல்ல அது. சட்டம் எழுத வைத்தது. குழந்தையின் படத்தை எடுக்க வைத்ததும் சட்டம்தான்.

அந்தச் சட்டம் எப்படி வந்தது? அது சிங்கப்பூரில் தொடங்கி, சுவிட்சர்லாந்துக்குப் போய், டெல்லி வழியாக மதுரைக்கு வந்த கதை.

கிளாக்ஸோ பேபி

"பிள்ளை கிளாக்ஸோ பேபி மாதிரி இருக்கான்!"

உங்கள் வீட்டு அப்பத்தாவோ அம்மாச்சியோ இப்படிச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கன்னம் உப்பி, தொடையில் மடிப்பு விழுந்த குழந்தை என்று அர்த்தம். கிளாக்ஸோ என்பது ஒரு பால் பவுடரின் பெயர். நியூசிலாந்து நாட்டில் பிறந்த பெயர். பத்திரிகை விளம்பரத்தில் வந்த குண்டுக் குழந்தை, நம் பேச்சுக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்து கொண்டது. அந்த டப்பாவைக் கண்ணால் பார்க்காதவர்கள்கூட அந்தப் பெயரைச் சொன்னார்கள். விளம்பரத்துக்கு அவ்வளவு வலிமை!

டப்பாப் பால் வாங்கும் வீடு வசதியான வீடு, நாகரிகமான வீடு என்ற எண்ணமும் கூடவே வந்தது. சீமையிலிருந்து வந்த பவுடர் போதாது என்று, மைசூரில் உள்ள மத்திய உணவு ஆராய்ச்சி நிலையத்தார் எருமைப் பாலிலிருந்து குழந்தைப் பவுடர் செய்யும் வழி கண்டார்கள். குஜராத்தின் அமுல் பண்ணையார் அதைத் தயாரித்தார்கள். அது நம் விஞ்ஞானிகளின் சாமர்த்தியம், குறை சொல்வதற்கில்லை. தாய் இல்லாத குழந்தைக்கும், தாய்க்குப் பால் கொடுக்க முடியாத நோய் உள்ள இடத்திலும் இந்தப் பவுடர் உயிரைக் காக்கும்.

பவுடர் இருப்பது குற்றம் அல்ல. அதை யாருக்கு, என்ன சொல்லி விற்றார்கள் என்பதுதான் வழக்கு.

சிங்கப்பூரில் ஒரு பெண் டாக்டர்

அவர் பெயர் சிசிலி வில்லியம்ஸ். 1893-ல் ஜமைக்கா தீவில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் படித்தவர். ஆப்பிரிக்காவில் வேலை பார்த்தபோது, கால் வீங்கி, முடி வெளுத்து, வயிறு உப்பிச் சாகும் குழந்தைகளைக் கண்டார். அது புரதச் சத்துக் குறைவால் வரும் நோய் என்று எழுதி உலகத்துக்குச் சொன்னவர் அவரே.

அடுத்து அவர் வந்து சேர்ந்தது சிங்கப்பூர். நம் தமிழர்களும் கூலிக்குப் போய்க் குடியேறிய ஊர். அங்கே ஓர் ஆச்சரியத்தைக் கண்டார். வெள்ளை உடுப்புப் போட்டு, பார்வைக்கு நர்சு போலவே உள்ள பெண்கள் ஏழைகளின் குடியிருப்புகளுக்கு வீடு வீடாகப் போனார்கள். பிள்ளை பெற்றவர்களிடம், "உங்கள் பாலைவிட இந்த டப்பாப் பால் நல்லது" என்றார்கள். அவர்கள் நர்சுகள் அல்ல. பால் கம்பெனிகள் சம்பளம் கொடுத்து அனுப்பியவர்கள்!

கொடுத்த பாலாவது நல்ல பாலா? சர்க்கரை போட்டுச் சுண்டவைத்த கெட்டிப் பால். தண்ணீர் கலந்து கொடுத்தால் வயிறு நிறையும், உடம்பு தேறாது.

1939-ம் ஆண்டு சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் டாக்டர் சிசிலி பேசினார். பெரிய மனிதர்களும் வியாபாரிகளும் வந்து உட்கார்ந்திருந்த கூட்டம். அவர் வைத்த தலைப்பு, "பாலும் கொலையும்"! குழந்தை உணவைப் பற்றிப் பொய்ப் பிரசாரம் செய்து அதனால் குழந்தை செத்தால், அதைக் கொலை என்றே கருத வேண்டும் என்று முகத்துக்கு நேரே சொன்னார்.

பிறகு யுத்தம் வந்தது. ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்தார்கள். டாக்டர் சிசிலி சிறையில் கிடந்தார். உயிரோடு வெளியே வந்து, உலக சுகாதார ஸ்தாபனத்தில் தாய் சேய் நலப் பிரிவின் முதல் தலைவரானார். 98 வயது வரை வாழ்ந்தார்.

புட்டியில் என்ன தப்பு?

வாடிப்பட்டிப் பக்கம் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. பெயர் வேண்டாம். கணவர் கொத்தனார் வேலை பார்க்கிறார்.

அந்தப் பெண்ணுக்கு முதல் பிரசவம். ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். தாய் மயக்கம் தெளிந்து எழுவதற்குள் குழந்தை அழுதது. "அம்மாவுக்கு இன்னும் பால் வரலை" என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் பவுடர் கலக்கிக் கொடுத்தார்கள். வீட்டுக்குப் புறப்படும்போது ஒரு டப்பாவையும் கையில் கொடுத்தார்கள்.

"எவ்வளவும்மா?" என்று கேட்டார் மாமியார்.

"காசு வேண்டாம் பாட்டி. சும்மா வச்சுக்கங்க."

சும்மா கிடைத்த டப்பா! மாமியாருக்கு மகிழ்ச்சி. அங்கேதான் வினை ஆரம்பம்.

தாய்ப்பால் கேணி ஊற்று மாதிரி. இறைக்க இறைக்கத்தான் ஊறும். குழந்தை வாய் வைத்துச் சப்பும்போது, தாயின் மூளைக்குச் சேதி போகிறது, பால் சுரக்கிறது. குழந்தை புட்டிப் பாலில் வயிற்றை நிரப்பிக்கொண்டு தூங்கினால், சப்புவது குறைகிறது. சப்புவது குறைந்தால் சுரப்பும் குறைகிறது. சுரப்பு குறைந்தால், "எனக்குப் பால் பத்தலை, அத்தை" என்கிறாள் தாய். இன்னும் ஒரு புட்டி கலக்குகிறார்கள். இப்படியே பத்துப் பதினைந்து நாளில் ஊற்று தூர்ந்து விடுகிறது.

டப்பாவும் அதற்குள் தீர்ந்து விடுகிறது!

இனி காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். கணக்குப் பாருங்கள். மூன்று மாதக் குழந்தைக்குப் பவுடர் மட்டுமே கொடுப்பதானால் ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் வேண்டும். 400 கிராம் டப்பா மூன்று நாளைக்கு மேல் வராது. மாதம் 9 அல்லது 10 டப்பா. ஒரு டப்பா 400 ரூபாய்க்கு மேல். மாதம் 4,000 ரூபாய்! மழை பெய்தால் வேலை இல்லாத கொத்தனார் எங்கே போவார்?

அவர்கள் செய்தது எல்லா ஏழைக் குடும்பமும் செய்வதுதான். ஐந்து கரண்டி போட வேண்டிய இடத்தில் மூன்று கரண்டி போட்டார்கள். பால் வெள்ளையாகத்தான் இருந்தது. குழந்தையும் குடித்தது. ஆனால் எடை ஏறவில்லை.

மற்றொரு ஆபத்து தண்ணீர். பவுடர் டப்பா மூடி இருந்தாலும் அதில் கிருமியே இல்லை என்று சொல்ல முடியாது. தண்ணீரைக் கொதிக்க வைத்து, 70 டிகிரி சூட்டுக்குக் குறையாமல் இருக்கும்போதே பவுடரைக் கலக்கி, பிறகு ஆறவைத்துக் கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் விதி. புட்டியையும் ரப்பரையும் ஒவ்வொரு தடவையும் கொதிக்க வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஏழு எட்டுத் தடவை! நாற்று நடவுக்குப் போகும் வீட்டில் இது நடக்கிற காரியமா?

நான்காம் மாதம் குழந்தைக்கு வயிற்றுப் போக்கு. கண் உள்ளே போய்விட்டது. நாக்கு உலர்ந்துவிட்டது. மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். பழைய மனிதர்களுக்கு அது எர்ஸ்கின் ஆஸ்பத்திரி. குளுக்கோஸ் ஏற்றினார்கள். பிழைத்தது.

சும்மா வந்த டப்பாவுக்கு அந்தக் குடும்பம் கொடுத்த விலை அது.

கோர்ட்டுக்குப் போன புத்தகம்

ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் இதே கதைதான் நடந்தது. அதை 1974-ல் மைக் முல்லர் என்ற ஆங்கிலேயர் சிறு புத்தகமாக எழுதினார். சுவிட்சர்லாந்தில் சில இளைஞர்கள் அதை ஜெர்மன் மொழியில் போட்டார்கள். சும்மா போடவில்லை. "நெஸ்லே குழந்தைகளைக் கொல்கிறது" என்று தலைப்பு வைத்துப் போட்டார்கள்.

நெஸ்லே சுவிட்சர்லாந்துக் கம்பெனி. 1867-லேயே குழந்தை மாவு செய்த பழைய கம்பெனி. விடுவார்களா? மானநஷ்ட வழக்குப் போட்டார்கள்.

1976-ல் தீர்ப்பு வந்தது. தலைப்பு அவதூறுதான் என்று நீதிபதி சொன்னார். வேண்டுமென்று கொன்றார்கள் என்பதற்குச் சாட்சி இல்லை. இளைஞர்களுக்குத் தலைக்கு 300 பிராங்கு அபராதம். ஆனால் நீதிபதி அதோடு விடவில்லை. கம்பெனி தன் விளம்பர முறையை மாற்றிக்கொள்வது நல்லது என்றும் சொன்னார். வழக்கில் ஜெயித்தவர்களுக்குப் புத்திமதி! மறுவருஷம் 1977-ல் அமெரிக்காவில் நெஸ்லே சாமான்களை வாங்க மாட்டோம் என்று ஜனங்கள் பகிஷ்காரம் ஆரம்பித்தார்கள்.

1981 மே மாதம் ஜெனிவாவில் உலக சுகாதார மகாசபை கூடியது. நம் பிரதமர் இந்திரா காந்தியும் அங்கே போய்ப் பேசிய வருஷம் அது. தாய்ப்பாலுக்குப் பதிலாக விற்கும் சரக்குகளை எப்படி விற்க வேண்டும், எப்படி விற்கக் கூடாது என்ற விதிமுறை ஓட்டுக்கு வந்தது. ஆதரவு 118. எதிர்ப்பு ஒன்றே ஒன்று. அந்த ஒன்று அமெரிக்கா!

டெல்லிச் சட்டம்

இந்தியா 1983-ல் தனக்கென்று ஒரு விதிமுறை செய்தது. அது யோசனைதான், கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாததைக் கம்பெனிகள் எவ்வளவு மதிக்கும்? ஆகவே 1992-ல் பார்லிமெண்டில் சட்டமே கொண்டு வந்தார்கள். டாக்டர் சிசிலி கண் மூடிய வருஷமும் அதுதான். 1993 ஆகஸ்டு 1-ந் தேதி சட்டம் அமலுக்கு வந்தது. 2003-ல் இன்னும் இறுக்கினார்கள்.

அந்தச் சட்டத்தைச் சாதாரண ஜனங்களும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் அது நம் வீட்டு வாசலில் நடப்பதைப் பற்றியது.

இரண்டு வயது வரை உள்ள குழந்தைக்கான பால் பவுடர், குழந்தை உணவு, பால் புட்டி, இவற்றுக்கு விளம்பரமே கூடாது. பத்திரிகையில் கூடாது, டெலிவிஷனில் கூடாது, சுவரிலும் கூடாது. சும்மா டப்பா கொடுக்கக் கூடாது. வாங்கினால் கிண்ணம், கரண்டி இனாம் என்று ஆசை காட்டக் கூடாது. விற்பனையைப் பெருக்குவதற்காகக் கர்ப்பிணியையோ பிள்ளை பெற்றவளையோ கம்பெனி ஆள் தேடிப் போகக் கூடாது. சிங்கப்பூரில் வெள்ளை உடுப்புப் பெண்கள் செய்தார்களே, அதற்குத்தான் இந்தப் பூட்டு!

ஆஸ்பத்திரிச் சுவரில் அவர்களுடைய படத்தை ஒட்டக் கூடாது. டாக்டருக்கோ நர்சுக்கோ அவர்கள் குடும்பத்தாருக்கோ பரிசு கொடுக்கக் கூடாது. டாக்டர்கள் கூடும் மாநாட்டுக்கும் கம்பெனி பணம் தரக் கூடாது.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு பிரிவு. எத்தனை டப்பா விற்றான் என்று கணக்குப் பார்த்து ஊழியருக்குச் சம்பளமோ கமிஷனோ நிர்ணயிக்கக் கூடாது என்கிறது அது. சட்டம் எழுதியவர் வியாபாரத்தின் நெளிவு சுளிவு தெரிந்தவராக இருக்க வேண்டும். வேரைப் பார்த்து வெட்டியிருக்கிறார்.

மீறினால்? மூன்று வருஷம் வரை ஜெயில், அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று எழுதினார்கள். டப்பாவின் மேல் எழுத வேண்டியதை எழுதாவிட்டால் குறைந்தது ஆறு மாதம் ஜெயில். ஜெயில் என்பது கடுமைதான். ஆனால் 5,000 ரூபாய் என்பது கோடிக் கணக்கில் புரளும் கம்பெனிக்கு என்ன? நம் கொத்தனார் வீட்டுக்கு அது ஐந்து வாரப் பால் பவுடர் காசு. அவ்வளவே!

நீங்களோ நானோ நேரே கோர்ட்டுக்குப் போய் இந்தச் சட்டத்தில் வழக்குப் போட முடியாது. சர்க்கார் அதிகாரம் கொடுத்த அதிகாரிகளும், சர்க்கார் அங்கீகரித்த சில தொண்டு ஸ்தாபனங்களுமே போடலாம். ஆனால் நாம் கண்டதை அவர்களிடம் சொல்லலாம். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கு ஒரு மனு எழுதலாம். எந்தக் கடை, எந்தத் தேதி, டப்பாவின் பெயர் என்ன, என்ன இனாம் கொடுத்தார்கள் என்று எழுதினால் போதும். டப்பாவையும் பில்லையும் வீசி எறிந்துவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

பூனை வரும் வழி

கதவை அடைத்தால் பூனை ஜன்னல் வழியாக வரும் அல்லவா?

சட்டம் இரண்டு வயது வரைதான். ஆகவே இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கான பால் பவுடருக்குத் தாராளமாக விளம்பரம் செய்யலாம். டப்பாவின் நிறம் ஒன்று போல, எழுத்து ஒன்று போல, பெயரும் கிட்டத்தட்ட ஒன்று போல இருந்தால், விளம்பரம் எதற்கு ஆகிறது? பெரியதைக் காட்டிச் சின்னதை விற்பது இதுதான்.

மற்றொரு ஜன்னல் கைப்பேசி. புகழ் பெற்ற அம்மா ஒருவர் தன் குழந்தையைக் கொஞ்சியபடி வீடியோவில் பேசுவார். பக்கத்தில் டப்பா தெரியும். அது விளம்பரமா, வீட்டுப் பேச்சா? பார்க்கிறவருக்குத் தெரியாது. உலகம் முழுவதும் இந்தப் பால் வியாபாரம் வருஷத்துக்கு 5,500 கோடி டாலர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2022-ல் கணக்குச் சொன்னது. இவ்வளவு பணம் புரளும் இடத்தில் எல்லா ஜன்னலையும் எட்டிப் பார்க்கத்தான் செய்வார்கள்.

2024 ஏப்ரலில் இன்னொரு சங்கதி வெளியாயிற்று. நம் ஊரில் விற்ற செரிலாக் குழந்தை உணவில், ஒரு வேளைக்குச் சராசரி மூன்று கிராம் அளவு சர்க்கரை சேர்த்திருக்கிறது, ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் விற்பதில் அப்படிச் சேர்க்கவில்லை என்று சுவிட்சர்லாந்து ஸ்தாபனம் ஒன்று சோதித்துச் சொன்னது. இந்திய விதிப்படிதான் செய்கிறோம் என்றது கம்பெனி. விதி இடம் கொடுத்தது உண்மைதான். ஆனால் வெள்ளைக்காரக் குழந்தைக்கு வேண்டாத சர்க்கரை நம் குழந்தைக்கு மட்டும் எதற்கு? அந்த வருஷமே, சர்க்கரை சேர்க்காத வகைகளையும் இந்தியாவில் விற்பதாகக் கம்பெனி அறிவித்தது. சத்தம் போட்டதால் வந்த பலன்!

நம் கணக்கு

பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போவதில் தமிழ்நாடு முன்னணியில் நிற்கிறது. ஆனால் 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டும் குடிப்பது இந்தியா முழுவதும் 100-க்குச் சுமார் 64. தமிழ்நாட்டில் 55! இதில் நாம் பின்தங்கி நிற்கிறோம்.

காரணம் பல. இங்கே 100 பிரசவத்தில் சுமார் 45 ஆபரேஷன். ஆபரேஷன் ஆன தாய்க்கு முதல் மணி நேரத்தில் குழந்தையை மார்பில் போட ஒருவர் கூட இருந்து உதவ வேண்டும். உதவ ஆள் இல்லை என்றால் புட்டிதான் உதவிக்கு வருகிறது. நம் பழக்கமும் ஒன்று உண்டு. பிறந்த பிள்ளைக்கு நல்ல குணம் உள்ள பெரியவர் ஒருவர் சேனை தொட்டு வைப்பது. ஆசையாகச் செய்வதுதான். ஆனால் அந்தச் சர்க்கரைத் தண்ணீரில் கிருமி இருக்கலாம். மஞ்சளாக வரும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவதும் தப்பு. அதுதான் குழந்தைக்கு முதல் தடுப்பு மருந்து.

இவ்வளவும் சொல்லிவிட்டு, பால் கொடுக்காத தாயைக் குறை சொல்லக் கிளம்பிவிடாதீர்கள். அது பெரிய பாவம். களை எடுக்கப் போகிறவள் கைக்குழந்தையை எங்கே வைப்பாள்? 1961-ம் ஆண்டுப் பிரசவ காலச் சட்டத்தை 2017-ல் திருத்தி, சம்பளத்தோடு 26 வாரம் லீவு என்று ஆக்கினார்கள். அது ஆபீசில் வேலை பார்ப்பவருக்கு. வரப்பில் வேலை பார்ப்பவளுக்கு யார் லீவு கொடுக்கிறார்கள்? 2015-ல் தமிழ்நாடு சர்க்கார் பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறை திறந்தது. மெத்த நல்ல காரியம். சில ஊர்களில் அறையும் இருக்கிறது, பூட்டும் இருக்கிறது!

உண்மையாகவே பால் கொடுக்க முடியாத நிலையும் உண்டு. குறை மாதக் குழந்தைக்குச் சப்பத் தெம்பு இருக்காது. அதற்காகத்தான் தாய்ப்பால் வங்கி வந்தது. 1989-ல் பம்பாய் சயான் ஆஸ்பத்திரியில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கியது ஆசியாவிலேயே முதல். மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியிலும் பால் வங்கி உண்டு. பால் மிகுதியாக உள்ள தாய்மார் கொடுக்கிறார்கள். அவர்கள் ரத்தத்தைச் சோதித்து, பாலை அரை மணி நேரம் 62.5 டிகிரியில் சூடு காட்டி, குளிரில் வைத்து, வேண்டிய குழந்தைக்குக் கொடுக்கிறார்கள். டாக்டர் பவுடர்தான் வேண்டும் என்று சொன்னால் பவுடரும் கொடுக்கத்தான் வேண்டும். கரண்டிக் கணக்குத் தவறாமல், கொதித்த தண்ணீரில்.

ஆனால் புட்டி வேண்டாம். நம் வீட்டில் பாலாடை இருக்கிறதே! மூக்கு நீண்ட அந்தச் சின்னக் கிண்ணம். எவர்சில்வரோ வெள்ளியோ, பளிச்சென்று தேய்த்துக் கழுவலாம், கொதிக்க வைக்கலாம். புட்டி ரப்பரைப் போல இடுக்கு கிடையாது. இன்று குழந்தை டாக்டர்களே பாலாடையைச் சிபாரிசு செய்கிறார்கள். அம்மாச்சி பெட்டியில் கிடந்த பாலாடை ஆஸ்பத்திரிக்குள் நுழைந்துவிட்டது!

வாடிப்பட்டிக் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு வயதான நர்சு அந்தத் தாயைப் பிடித்துக்கொண்டார். "இனிமே பால் வராதும்மா" என்று அழுதவளிடம், "வரும் தாயி. ராத்திரி பகல் பார்க்காம, நாளைக்குப் பத்துத் தடவை பிள்ளையை மார்ல போடு. பத்தாததைப் பாலாடையிலே கொடு. புட்டியைக் கண்ணுல காட்டாதே" என்றார். மாமியாரையும் கூப்பிட்டு, "ஆத்தா, பத்து நாளைக்கு நீங்க அடுப்படியைப் பார்த்துக்கங்க. அவ பிள்ளையைப் பார்க்கட்டும்" என்றார்.

மூன்று வாரத்தில் ஊற்று திரும்பியது. முழுக்க இல்லை, பாதிக்கு மேல். ஆறு மாதம் முடிந்ததும் குழைந்த சோறும் பருப்புமாக ஆரம்பித்தார்கள். இப்போது அந்தப் பையன் பால்வாடிக்குப் போகிறான். போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுப்படி அலமாரியில் அந்தப் பால் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. ஒன்றில் கடுகு, ஒன்றில் சீரகம், ஒன்றில் உளுந்து.